ஆந்தைக்கு ஏன் நேர்முகம்?

நேயர்களுக்கு வணக்கம். காகத்தை வரையச் சொன்னால் பெரும்பாலோர் பக்கவாட்டில்தான் வரைவோம். கிளி, கொக்கு, மயில் எதுவானாலும் அப்படித்தான். அலகின் வளைவு தெரிந்தால் பறவை பிடிபட்டுவிடும். ஆந்தையிடம் மட்டும் இது செல்லாது. பக்கவாட்டில் வரைந்த ஆந்தையைப் பார்த்தால் என்ன பறவை என்று நாமே கேட்போம்.

இதைப் பழைய எகிப்தியர் நன்றாகவே அறிந்திருந்தார்கள். அவர்களுடைய சித்திர எழுத்துகளில் கழுகும் காடைக்குஞ்சும் பக்கவாட்டில் நிற்கும். 'ம்' ஒலிக்கு உரிய ஆந்தையோ உடலைப் பக்கமாக வைத்துக்கொண்டு, முகத்தை மட்டும் நம் பக்கம் திருப்பியிருக்கும்.

காரணம் கண்ணில் இருக்கிறது. ஆந்தையின் கண் நம்முடையதைப் போல உருண்டை அல்ல, குழாய் வடிவம். அதைச் சுற்றி எலும்பு வளையம் இறுகப் பிடித்திருப்பதால் குழிக்குள் அது சுழலாது. பக்கத்தில் இருப்பதைப் பார்க்கத் தலையையே திருப்பியாக வேண்டும். நம் கழுத்தில் 7 எலும்புகள், ஆந்தைக்கு 14. அது தலையை 270 பாகை வரை திருப்பும். முழு வட்டம் சுற்றும் என்பது வெறும் பேச்சு. இப்படி முறுக்கினால் மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் நசுங்காதா? கழுத்தெலும்பில் அந்தக் குழாய் நுழையும் துளை, குழாயைவிடச் சுமார் 10 மடங்கு அகலம். நெளிந்து கொடுக்க இடம் தாராளம்.

பிரான்ஸில் 1994-இல் கண்டுபிடிக்கப்பட்ட ஷோவே குகையில் ஓர் ஆந்தை இருக்கிறது. மெத்தென்ற சுவரில் விரலால் கீறியது, 30,000 ஆண்டுகளுக்கு முந்தையது. முகம் நம்மைப் பார்க்கிறது. உடலிலோ மடக்கிய சிறகுகளின் கோடுகள், அதாவது முதுகு. வரைந்தவர் தடுமாறிவிட்டார் என்று தோன்றும். தடுமாறவில்லை. முதுகைக் காட்டி உட்கார்ந்த ஆந்தை, தலையைப் பின்பக்கம் திருப்பிப் பார்த்த கணம் அது.

காகிதமும் பென்சிலும் பக்கத்தில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கருமணியைக் கண்ணின் நடுவில் வையுங்கள். ஓரக்கண்ணால் பார்க்கும் ஆந்தை கதைப்புத்தகப் படங்களில் நிறைய உண்டு. அது மனிதக் கண். பகல் காட்சி என்றால் கருமணி சிறிது, இரவு என்றால் கண்ணையே நிறைக்கும் அளவு பெரிது. பகலில் அதற்குக் கண் தெரியாது என்பது தப்பு, கருமணியைச் சுருக்கிக்கொண்டு பார்க்கும். கண் சிமிட்டும்போது மேலிமை கீழே இறங்கும். மற்ற பறவைகளுக்குக் கீழிமை மேலே ஏறுவதுதான் வழக்கம். ஆந்தை நம்மைப் போல இருக்கிறது என்று தோன்றுவதில் இந்த இமைக்கும் பங்கு உண்டு.

அலகு இரண்டு கண்களுக்கும் இடையிலிருந்து நேரே கீழ்நோக்கி இறங்கும். பெரும்பகுதி முக இறகில் மறைந்து நுனி மட்டும் தெரியும். இதைக் கழுகு அலகு போல முன்னால் நீட்டினால் படம் கெட்டது. தலைமேல் நிற்கும் 'கொம்பு' வெறும் இறகுக் கற்றை, காது அல்ல. கூகை என்ற ஆந்தை வகைக்கு அது கிடையவே கிடையாது. அதன் முகம் இதய வடிவத் தட்டு. அந்தத் தட்டுதான் ஒலியைக் காதுக்குச் சேர்க்கும் கிண்ணம். கூகையின் இரு காதுத் துளைகளும் வெவ்வேறு உயரத்தில் இருக்கின்றன. சத்தம் மேலிருந்தா கீழிருந்தா என்பது அதனால்தான் புரிகிறது. ஆனால் இறகு மூடியிருப்பதால் அந்தக் கோணல் வெளியே தெரியாது. ஓவியர் அதைக் காட்ட வேண்டியதில்லை.

ஏதென்ஸ் நகரத்தின் பழைய நான்கு திராக்மா நாணயத்தை மக்கள் 'ஆந்தை' என்றே அழைத்தார்கள். சுமார் 17 கிராம் வெள்ளி. அதிலும் உடல் பக்கவாட்டு, முகம் நேர்; பின்னால் ஒலிவக் கிளை. அந்தப் படம் இன்று கிரேக்கத்தின் ஒரு யூரோ நாணயத்தில் இருக்கிறது. அந்தச் சிற்றாந்தைக்கும் நம் ஊர்ப் புளியமரப் பொந்தில் இருக்கும் புள்ளி ஆந்தைக்கும் பேரினம் ஒன்றுதான்: ஏதேனே, அதாவது அந்த நகரத்துத் தேவியின் பெயர்.

கலைஞர் தெரிந்தே மீறுவதும் உண்டு. சீனாவின் ஆன்யாங்கில் 1976-இல் ஃபூ ஹாவ் அரசியின் கல்லறையிலிருந்து ஆந்தை வடிவ வெண்கல மதுக்கலங்கள் இரண்டு கிடைத்தன. 3,000 ஆண்டுகளுக்கும் பழையவை, சுமார் 46 சென்டிமீட்டர் உயரம். இரண்டு தடித்த கால்கள், மூன்றாவது ஊன்றுகோலாகத் தரையில் பதியும் வால். உயிருள்ள ஆந்தை வாலை ஊன்றி நிற்காது. மது நிரம்பிய கலம் கவிழாமல் நிற்க மூன்று புள்ளி தேவை, அவ்வளவுதான். என்னைக் கேட்டால், ஆந்தைச் சிற்பங்களில் இதற்கு மேல் ஒன்றில்லை.

கடைசியாகப் பாதம். கிளையில் உட்கார்ந்த ஆந்தைக்குப் பெரும்பாலும் இரண்டு விரல் முன்னே, இரண்டு பின்னே. வெளிவிரல் இருபக்கமும் திரும்பக் கூடியது. கொம்பன் ஆந்தைக்குக் கால் முழுக்க இறகு; மீன் ஆந்தைக்கோ கால் மொட்டை, உள்ளங்காலில் வழுக்கும் மீனைப் பிடிக்க முள் போன்ற சொரசொரப்பு. இறகோரத்தில் சத்தத்தை அடக்கும் சீப்புப் பற்களும் மீன் ஆந்தைக்கு இல்லை. தண்ணீருக்குள் இருக்கும் மீனுக்குச் சிறகோசை கேட்கவா போகிறது?