வால்வு ரேடியோ முனகுதா? கெப்பாசிட்டர் வாங்க ஓடாதீங்க

வணக்கம் எல்லோருக்கும், கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து கதைக்கிறேன், இடையில் கரையோர ரயில் போனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். மேசையில் இருப்பது பழைய பிலிப்ஸ் வால்வு ரேடியோ, அதாவது டிரான்சிஸ்டருக்குப் பதில் வால்வு என்கிற கண்ணாடிக் குழாய்கள் வேலை செய்கிற பெட்டி. போடுகிறேன், கேளுங்கள்... ம்ம்ம்ம் என்று அடித்தொண்டையில் முனகுகிறது.

இதைக் கேட்டதும் பலர் செய்வது, புறக்கோட்டைக்குப் போய் ஒரு பை நிறையக் கெப்பாசிட்டர் (மின்னைத் தேக்கி வைக்கும் சின்னப் பாகம்) வாங்கிவந்து, உள்ளே இருக்கிற எல்லாவற்றையும் மாற்றுவது. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. பக்கத்தில் ஒரு பேட்டரி ரேடியோவை வைத்துப் பாருங்கள். அதுவும் சேர்ந்து இரைந்தால் குற்றவாளி வீட்டில் எரிகிற எல்இடி பல்போ போன் சார்ஜரோ, இந்தப் பெட்டி பாவம்.

இங்கே அது அமைதியாக இருக்கிறது, சரி. இப்போது வொலியூமை முழுக்கக் குறைக்கிறேன். பாட்டு போய்விட்டது, முனகல் மட்டும் அப்படியே இருக்கிறது, கேட்குதா? அப்படியென்றால் கோளாறு வொலியூம் குமிழுக்குப் பிறகுதான், பெரும்பாலும் பவர் சப்ளை. நம்முடைய கரண்ட் 50 ஹேர்ட்ஸ், அதை ஒரே திசையில் ஓட வைக்கிற ஈஇசட் 80 ரெக்டிஃபையர் வால்வு இரண்டு பக்க அலையையும் எடுப்பதால் மிஞ்சுவது 100 ஹேர்ட்ஸ், அதை அடக்க வேண்டிய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் காய்ந்துபோனால் அது நேரே ஸ்பீக்கருக்கு வந்துவிடும். வொலியூமோடு சேர்ந்து கூடிக் குறைந்தால் வேறு கதை: குமிழுக்கு முன்னால் உள்ள வால்வு, ஷீல்ட் வயர், எர்த் எல்லாம் பார்க்க வேண்டும்.

திறப்பதற்கு முன் ஒன்று. வால்வின் பெயர் யு என்று தொடங்கினால், யுஎல் 84 மாதிரி, சேஸியே, அதாவது பாகங்கள் பொருத்திய உலோகத் தட்டே, மெயின்ஸோடு நேராக இணைந்திருக்கலாம். மெயின்ஸிலிருந்து ரேடியோவைப் பிரித்து வைக்கிற ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். இது ஈ வகை, டிரான்ஸ்ஃபார்மர் உண்டு, ஆனாலும் பிளக்கைக் கழற்றிய பிறகும் கெப்பாசிட்டரில் 250 வோல்ட்டுக்கு மேல் தங்கி நிற்கலாம். ரெசிஸ்டர் வைத்து இறக்கிவிட்டு, மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

காய்ந்துபோன பழைய எலக்ட்ரோலிட்டிக் 50 மைக்ரோஃபாரட், நான் போடுவது 47, 450 வோல்ட் தாங்கக்கூடியது. நூறு போட்டால் இன்னும் நல்லதுதானே என்று கேட்பவர்களுக்கு: ஈஇசட் 80க்கு அடுத்து வருகிற முதல் கெப்பாசிட்டருக்கு 50தான் எல்லை, அதை மீறினால் அடி வாங்குவது ரெக்டிஃபையர்.

போட்டாச்சு. கேளுங்கள், முனகல் போய்விட்டது. ஆனால் பாட்டு கரகரக்கிறது, அதனால் மூடவில்லை. ஸ்பீக்கரை ஓட்டுகிற அவுட்புட் வால்வு ஈஎல் 84, அதன் இரண்டாவது பின்னுக்கும் சேஸிக்கும் இடையில் மீட்டரை வைக்கிறேன். பூச்சியம் காட்ட வேண்டிய இடத்தில் 4 வோல்ட் வருகிறது. முந்தின வால்விலிருந்து பாட்டை மட்டும் இந்தப் பின்னுக்குக் கடத்த வேண்டிய, மெழுகு பூசிய இந்தக் கப்ளிங் கெப்பாசிட்டர் வோல்ட்டையும் ஒழுகவிடுகிறதா, வால்வே கெட்டுவிட்டதா? ரேடியோவை நிறுத்தி, வோல்ட்டை இறக்கி, கெப்பாசிட்டரின் ஒரு காலைக் கழற்றி, ரேடியோவை மறுபடி போடுகிறேன்... பூச்சியம். வால்வு பிழைத்தது, கெப்பாசிட்டர்தான். இதை இப்படியே விட்டால் ஈஎல் 84 சூடாகிச் சாகும், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையும் கூட்டிக்கொண்டு போகலாம், ஆகவே எந்தப் பழைய ரேடியோவிலும் நான் கேள்வி கேட்காமல் மாற்றுகிற ஒரே கெப்பாசிட்டர் இதுதான்.

இன்னும் ஒரு 'படபட' சத்தம் இருக்கிறது, குமிழைத் திருப்பும்போது மட்டும். அதற்குக் காண்டாக்ட் கிளீனர் போதும். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் வால்வுகளையும் கழற்றிப் பின்களைப் பாருங்கள், உப்புக் காற்றில் பச்சை பிடித்திருக்கலாம். நான் இப்போது அதைத்தான் துடைக்கப் போகிறேன்.