லாச்சிக்குள் ஒரு ஸ்டேப்ளர்தான் இருந்தது

வணக்கம். சீனிப் போத்தலில் போனைச் சாய்த்து வைத்துவிட்டுக் கதைக்கிறேன், படம் கொஞ்சம் சரிந்து தெரியலாம். இது வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு பல்கனி. பின்னால் கடல், நடுவில் தண்டவாளம். ரயில் வந்தால் நிறுத்திவிட்டுத்தான் தொடருவேன்.

பழைய மாணவர் ஒருவர் கோல் எடுத்துக் கேட்டார்: “மிஸ், அரசாங்கப் பாடசாலையை விட இன்டர்நெஷனல் ஸ்கூலில் உங்களுக்குச் சுதந்திரம் கூடத்தானே?” கூடத்தான். அது எப்படிப்பட்ட சுதந்திரம் என்று இன்றைக்குச் சொல்கிறேன்.

அரசாங்கப் பாடசாலையில் 16 வருடம் படிப்பித்தேன், கடைசி நாலு வருடம் உப அதிபர். அங்கே எதற்கும் ஒரு சுற்றுநிருபம் இருக்கும். பெற்றோர் யாராவது சண்டைக்கு வந்தால் ஃபைலைத் திறந்து காட்டலாம்: “நான் என்ன செய்கிறது ஐயா, வலயக் கல்வி அலுவலகத்தில் இருந்து இப்படித்தான் வந்திருக்கிறது.” அது பொய்யும் இல்லை. பிறகு தெஹிவளைப் பக்கம் ஓர் இன்டர்நெஷனல் ஸ்கூலுக்கு அதிபராகப் போனேன். பழைய வீடொன்றின் சுவர்களை உடைத்து வகுப்பறையாக்கிய இடம். குசினிதான் ஆய்வுகூடம். முதல் கிழமையே ஒரு தகப்பன் வந்து, மகனை ஒரு வகுப்புக் கூட்டிப் போடச் சொல்லி நின்றார். பழக்கதோஷம், என் கை மேசை லாச்சிக்குப் போனது. உள்ளே ஒரு ஸ்டேப்ளரும் துருப்பிடித்த திறப்பும் கிடந்தன, காட்டுவதற்குச் சுற்றுநிருபம் இல்லை.

ஏன் அப்படி என்று பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். கல்வி அமைச்சர் கன்னங்கராவின் காலத்தில், 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960, 61இல் அரச உதவி பெறும் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசாங்கம் பொறுப்பெடுத்தது. 1961ஆம் ஆண்டுச் சட்டம், 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்குப் புதிதாகத் தனியார் பாடசாலை தொடங்கவும் தடை போட்டது. 1977க்குப் பிறகு பொருளாதாரத்தைத் திறந்துவிட்டபோது, சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிந்துகொண்டு உள்ளே வந்தன. எங்கள் வரவேற்பறைச் சுவரில் தொங்கியதும் கம்பனிப் பதிவுப் பத்திரம்தான். கடை திறக்கிறவருக்குக் கொடுக்கும் அதே பத்திரம். இலவசக் கல்வியில் ஒரு சதம் கட்டாமல் படித்து வந்தவள் நான். அந்தப் பத்திரத்தின் கீழே உட்கார்ந்து கட்டண உயர்வுக் கடிதத்தில் கையெழுத்துப் போடும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும்.

ஆனால் போடத்தான் வேண்டும். மாத முடிவில் ஆசிரியர்களுக்குச் சம்பளம், அதற்கு மேல் ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈ.பி.எஃப்) 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ஈ.ரி.எஃப்) 3 வீதம். நல்லாகப் படிப்பிக்கிற இளம் பிள்ளைகள் அரசாங்க நியமனக் கடிதம் வந்த அன்றே போய்விடுவார்கள். பென்ஷன் இருக்கிறதே, பிழை சொல்ல முடியாது.

சரி, சொல்ல வந்தது 2022. மார்ச் மாதம் மத்திய வங்கி ரூபாயை மிதக்க விட்டது. 200 சொச்சத்தில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. லண்டன் பரீட்சைக் கட்டணம் பவுணில். நாங்கள் பிள்ளைகளிடம் ஏற்கனவே ரூபாயில் வாங்கி முடித்துவிட்டோம்! கடதாசியும் இல்லை. மேல் மாகாணத்தில் அரசாங்கப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சையையே கடதாசி இல்லாமல் தள்ளி வைத்தார்கள். நாங்கள் தள்ளி வைக்கவில்லை. அதில் எனக்குப் பெருமை வேறு.

தவணைக் கட்டணம் கட்டாதவர்கள் பரீட்சைக்கு உட்கார முடியாது என்று ஓர் அறிவித்தல். இயக்குநர் சபை கேட்டது, நான் கையெழுத்துப் போட்டேன். கடதாசி மிச்சம் பிடிக்க, கட்டியவர்களின் எண்ணிக்கைக்கு மட்டும்தான் கேள்வித்தாள் அடித்தோம்.

பரீட்சை அன்று விறாந்தையில் தரம் 8 பிள்ளை ஒன்று நிற்கிறது. கையில் பிளாஸ்டிக் பையில் பேனை, அடிமட்டம், அழிறப்பர், எல்லாம் ஒழுங்காக. “அப்பா நாளைக்குக் கட்டுவாராம் மிஸ்.” அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். கூட்டிக்கொண்டு போய் இருத்தினேன். கேள்வித்தாள் இல்லை. கரண்ட் இல்லை, ஆகவே போட்டோகொப்பியும் இல்லை. பக்கத்துப் பிள்ளையின் தாளைப் பார்த்துப் பார்த்து என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். நான் வரலாறு படிப்பித்தவள், அன்றைக்கு விஞ்ஞானம். பூவின் பாகங்களைக் குறிக்கச் சொல்லி ஒரு படம். நான் கீறிய பூ கத்தரிக்காய் மாதிரி இருந்தது. பிள்ளை அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு அடிமட்டத்தை வைத்து மகரந்தக்கூடு, சூலகம் என்று கோடு இழுத்துக் குறிக்கத் தொடங்கினாள். நாற்பது நிமிடம் போய்விட்டது அவளுக்கு.

அன்றைக்கு எந்த வலயத்தை நான் காட்டுவது?

அதற்குப் பிறகு யார் கட்டவில்லை என்ற பட்டியல் கணக்கறையை விட்டு வெளியே வராது என்று வைத்தேன். வகுப்பாசிரியருக்கும் தெரியாது. இயக்குநர்கள் முகம் சுளித்தார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. மூன்று தவணை கட்டாத ஒரு குடும்பம் விடுமுறைக்கு சிங்கப்பூர் போய் வந்து எனக்கு சொக்லேட்டும் கொண்டுவந்து தந்தது. வாங்கினேன். என்ன செய்கிறது, ஸ்டாஃப் ரூமில் பிரித்துச் சாப்பிட்டோம். நான் ஓய்வுபெறும் வரைக்கும் நிலுவை நிலுவையாகவே இருந்தது.

ஓய்வுபெற்ற அன்று என் சாமான்களை எடுத்துக்கொண்டு, நான் கையெழுத்துப் போட்ட அந்த அறிவித்தலை மட்டும் லாச்சியில் ஸ்டேப்ளருக்குக் கீழே வைத்துவிட்டு வந்தேன். புதிய அதிபர் அதை என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை.

அந்தா, பாணந்துறை ரயில். நிறுத்துகிறேன்.