ஐந்தாம் நாளுக்கு முன்பே நின்றுவிடும் கருக்கள்: ஒரு சந்தேகம்

வணக்கம். வந்திருக்கும் கேள்விகளில் ஒன்று என்னைக் குடைந்துகொண்டே இருக்கிறது. ஒரு சகோதரி கேட்கிறார்: “மேடம், ஐ.வி.எஃப். (லேபில் முட்டையைக் கருவுறச் செய்யும்) சிகிச்சையில், கருவுற்ற மூன்றாம் நாள் எங்களுக்கு 5 கருக்கள் இருந்தன. பிளாஸ்டோசிஸ்ட் (ஐந்தாம் நாள் வாக்கில் கரு அடையும் கட்டம்) ஆகட்டும் என்று ஐந்தாம் நாள்வரை லேபிலேயே வளர்த்தார்கள். இரண்டுதான் மிஞ்சின. மற்ற மூன்றையும் முன்பே கர்ப்பப்பையில் வைத்திருந்தால் பிழைத்திருக்குமே? வீணாக்கிவிட்டார்களே?”

வீணாக்கவில்லை அம்மா. மூன்றாம் நாள் கருவில் 6 முதல் 8 செல்கள் இருக்கும். முந்தைய காணொளிகளைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும், அதுவரை கரு ஓடுவதே பெரும்பாலும் தாயின் முட்டையிலிருந்த கையிருப்பை வைத்துத்தான். நான்கு செல், எட்டு செல் கட்டத்தில்தான் கருவின் சொந்த மரபணுக்கள் பொறுப்பை ஏற்கின்றன. பல கருக்கள் தடுக்கி நிற்பதும் அங்கேதான். முந்தைய நாள்வரை லட்சணமாக இருந்த கரு, மறுநாள் ஒரு செல்கூடக் கூடாமல் அப்படியே கிடக்கும். பல நேரங்களில் குரோமோசோம் கோளாறுதான் காரணம். நல்ல லேபிலும் கருவுற்ற முட்டைகளில் ஏறக்குறைய பாதிதான் பிளாஸ்டோசிஸ்ட் வரை வந்து சேரும். ஆகவே ஐந்தில் இரண்டு என்பது அப்படியொன்றும் மோசமில்லை.

எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காத விஷயம் இது: காத்திருப்பது கருவைத் திடப்படுத்தாது. எது திடமான கரு என்று காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான்.

லேப் என்பது கர்ப்பப்பை ஆகிவிடாது, ஒப்புக்கொள்கிறேன். இங்கே நின்றுபோன ஒரு கரு உள்ளே பிழைத்திருக்கவே முடியாது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. 1978-இல் பிறந்த முதல் சோதனைக் குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன், எட்டு செல் கட்டத்திலேயே உள்ளே வைக்கப்பட்ட கருதான். ஒன்றிரண்டு கருக்களே கிடைத்தவர்களுக்கு மூன்றாம் நாளே வைத்துவிடும் மருத்துவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இயற்கையில் அந்த நாளில் கரு கர்ப்பப்பைக்கு வந்தே இருக்காது. இன்னும் சினைக்குழாயில்தான் இருக்கும்.

ஐந்தாம் நாள் கருவை மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும்! நடுவில் நீர் நிறைந்திருக்கும். ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும் செல் கொத்துதான் பின்னால் குழந்தையாகும். சுற்றிலும் வரிசை கட்டியிருக்கும் செல்கள் நஞ்சுக்கொடியாகும். உங்கள் லேப் தாளில் கருவின் கிரேடு (தரம்) ‘4ஏஏ’ என்று எழுதியிருப்பார்களே, 4 என்பது கரு எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதற்கு, முதல் ‘ஏ’ அந்தக் கொத்துக்கு, அடுத்தது சுற்றியுள்ள செல்களுக்கு. சில சமயம் நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீர் வடிந்து சுருங்கிவிடும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, “மேடம், செத்துவிட்டது” என்று ஓடிவந்தாள். சில மணி நேரம் கழித்து அவளையே பார்க்கச் சொன்னேன். பழையபடி விரிந்து நின்றது. அதற்கு அவள் வைத்த பெயரை இங்கே சொன்னால் கோபித்துக்கொள்வாள்.

அதற்காக ‘ஏஏ’ வந்துவிட்டது, குழந்தை நிச்சயம் என்று துள்ள வேண்டாம். தோற்றத்தில் முதல்தரமாக இருக்கும் கருவிலும் குரோமோசோம் பிசகு இருக்கலாம். கிரேடு குறைந்த கரு ஆரோக்கியமான குழந்தையாகப் பிறந்ததும் உண்டு. காத்திருப்பு காட்டிக்கொடுக்கும் என்றேனே, அதுவும் ஓரளவுக்குத்தான்.

சரி, சகோதரி கேட்காமல் விட்ட கேள்விக்கு வருகிறேன். மிஞ்சிய இரண்டையும் ஒரே தடவையில் வைத்துவிட்டார்களா? எனக்கு அதுதான் கவலை. “இரண்டு வைத்தால் ஒன்றாவது ஒட்டுமே” என்று கேட்காத தம்பதி குறைவு. இரண்டுமே ஒட்டிவிட்டால்? குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தைகள், தாய்க்கு ரத்த அழுத்தம் என எல்லா ஆபத்தும் கூடும். ஐந்து நாள் காத்திருந்து தேர்ந்தெடுப்பதே, ஒன்றை மட்டும் துணிந்து வைப்பதற்காகத்தானே? அந்த ஒன்றே இரண்டாகப் பிரிந்து இரட்டையாவதும் எப்போதாவது நடக்கிறது. அது நம் கையில் இல்லை. மற்றதை திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் உறைய வைத்துவிடலாம். இப்போதைய அதிவேக உறைய வைக்கும் முறையில் பெரும்பாலான பிளாஸ்டோசிஸ்ட்டுகள் உருக்கிய பிறகும் உயிரோடு இருக்கின்றன. உங்கள் இரண்டாவது கரு அங்கே இருக்கிறதா என்று மருத்துவமனையில் விசாரித்து எனக்கு எழுதுங்கள். இருந்தால், அதை எந்த மாதத்தில் வைப்பது, அதற்குக் கர்ப்பப்பையை எப்படித் தயார் செய்வது என்று அடுத்த காணொளியில் பேசுகிறேன்.