வடகடலா, தென்கடலா: ராமநாதபுரம் கரையில் ஊர்ச் சுற்றுலா நடத்தும் முறை

[காட்சி: பாம்பன் சாலைப் பாலம், டிசம்பர் மாதக் காலை. இடப்பக்கம் கலங்கிய கடல், வெள்ளை நுரை. வலப்பக்கம் பச்சைத் தண்ணீர், அலையே இல்லை.]

ராமேஸ்வரத்துக்கு வரும் ஒரு சுற்றுலாப் பேருந்தின் நாளைக் கொஞ்சம் கவனியுங்கள். விடியலில் அக்னி தீர்த்தம். ஈரத்துணியோடு கோயிலுக்குள் 22 தீர்த்தம். தரிசனம், இட்லி, பேய்க்கரும்பில் கலாம் நினைவிடம், அரிச்சல்முனையில் போட்டோ. பொழுது சாயும்போது வண்டி பாலத்தைத் தாண்டிப் போய்விடுகிறது. மண்டபத்துக்கோ பெரியபட்டினத்துக்கோ கீழக்கரைக்கோ அந்த வண்டியால் ஒரு டீ வியாபாரம்கூடக் கிடையாது.

அந்த வண்டியில் வருபவர்களை இரண்டாவது நாளும் தங்க வைக்க நினைக்கும் மகளிர் குழுக்களுக்கும் மீனவர் சங்கங்களுக்கும் ஊராட்சிகளுக்கும்தான் இந்த வீடியோ. படகு வாங்குவதற்கு முன்னால், போர்டு வைப்பதற்கு முன்னால், கற்றுக்கொள்ள வேண்டியது காற்று.

[காட்சி: வரைபடம். பாம்பன் தீவுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. மாதங்கள் ஒவ்வொன்றாக நிறம் மாறுகின்றன.]

வடக்கே இருப்பது பெண்கடல், தெற்கே இருப்பது ஆண்கடல் என்று கரையில் சொல்வார்கள். பெயரை நம்பிப் படகை இறக்கிவிடக் கூடாது. பெண்கடலும் சீறும், அதற்கென்று மாதம் இருக்கிறது.

மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும். தென்கடல் கொந்தளிக்கும், தனுஷ்கோடிச் சாலையில் மணல் ஏறும். அந்த மாதங்களில் வடகடல் பெரும்பாலும் தட்டுப்போலக் கிடக்கும். அக்டோபர் கடைசியில் வடகிழக்கிலிருந்து வாடை பிடித்ததும் நிலைமை தலைகீழ். வடகடல் ஆழம் குறைந்த கடல் என்பதால் அடியில் இருக்கும் சேறு எளிதில் கலங்கிவிடும், ஜனவரி வரை உள்ளே ஒன்றும் தெரியாது. தென்பக்கம் அப்போது ஒதுக்கமாக இருக்கும். பிப்ரவரி முதல் ஏப்ரல் பாதி வரை இரண்டு கடலும் அடங்கியிருக்கும் காலம். தண்ணீர் தெளிவாக இருக்கும், பவளப்பாறை பார்க்க அதுதான் பருவம்.

பல குழுக்கள் தவறுவது இங்கேதான். கோடை விடுமுறைக் கூட்டத்தை நம்பி மே மாதத்துக்குத் தென்கடல் படகுச் சவாரியை விற்றுவிடுகிறார்கள். காற்று ஏறியதும் ரத்து செய்து, பணத்துக்கும் பெயருக்கும் சேர்த்து நஷ்டப்படுகிறார்கள். மே, ஜூனில் வடகடல் பக்கம் திருப்புங்கள். தொண்டிப் பக்கத்தில் காரங்காட்டு அலையாத்திக் காட்டில் வனத்துறையும் ஊராரும் சேர்ந்து படகு ஓட்டுகிறார்கள். அந்த ஏற்பாட்டை ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து திட்டம் போடுவது நல்லது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, நாட்டுப்படகு மீன் மட்டும்தான் கிடைக்கும். ‘தினமும் வஞ்சிரம் வறுவல்’ என்று விளம்பரத்தில் போட்டுவிட்டு முழிக்காதீர்கள்.

[காட்சி: பாம்பன் தீவில் குந்துகால் படகுத்துறை.]

தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அனுமதி இல்லாமல் தீவில் கால் வைத்தால் வழக்கு வரும். ‘தெரிந்த படகுக்காரர், தீவில் இறக்கிவிடுவார்’ என்ற பேச்சே கூடாது. குருசடைத் தீவுக்குக் குந்துகாலிலிருந்து வனத்துறையின் படகுச் சவாரி இருக்கிறது, விருந்தாளிகளை அதில் அனுப்புங்கள். 1897-இல் விவேகானந்தர் சிகாகோ பயணம் முடிந்து திரும்பி வந்து இறங்கியதும் இதே குந்துகால்தான். நினைவு மண்டபம் பக்கத்திலேயே இருப்பதால் படகுக்குக் காத்திருக்கும் நேரம் வீணாகாது.

சொந்தமாகப் படகு ஓட்டப் போகிறீர்கள் என்றால், மீன்பிடிப் படகின் பதிவு வேறு, பயணிகளை ஏற்றும் உரிமம் வேறு என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். காப்பீடும் அப்படியே. உரிமத்தில் 12 பேர் என்றால் மடியில் இருக்கும் குழந்தையும் ஒரு ஆள். லைஃப் ஜாக்கெட்டில் குழந்தை அளவு தனியாக வேண்டும். பெரியவர் ஜாக்கெட்டைப் பிள்ளைக்குப் போட்டால், தண்ணீரில் விழுந்ததும் ஜாக்கெட் மேலே மிதக்கும், பிள்ளை கீழே நழுவிவிடும். கரையிலேயே மாட்டி, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது அந்த உடம்புக்கு ஆகாது.

கண்ணாடி அடிப் படகுக்குக் காலை 8 முதல் 11 மணிதான் நேரம். அதற்கு முன்னால் வெயில் சாய்வாக விழுவதால் வெளிச்சம் உள்ளே இறங்காது. அதற்குப் பிறகு கடற்காற்று கிளம்பிவிடும். பார்க்கும் பெட்டிக்கு மேல் கறுப்புத் துணிக் கூரை போட்டால் கண்ணாடியில் நம் முகம் தெரியாது, பாறை தெரியும். கண்ணாடியின் அடிப்பக்கம் பாசி பிடிக்கும். மென்மையான துணியால் தினமும் துடையுங்கள், தேங்காய் நாரால் தேய்த்தால் கீறல் விழும்.

நங்கூரத்தைப் பாறை மேல் போடவே கூடாது. கொம்புப் பவளம் வருடத்துக்குச் சில சென்டிமீட்டர்தான் வளரும். உருண்டைப் பவளம் அதைவிட மெதுவாக, ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். ஒரே இழுவையில் பல வருட வளர்ச்சி போய்விடும். அனுமதி வாங்கி, மணல் தரையில் கான்கிரீட் கட்டை இறக்கி, மிதவை கட்டிவிட்டால் படகை அதில் பிடித்துக்கொள்ளலாம். பவளக் கல் விற்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மிதக்கும் கல் என்று பெயர் மாற்றி வைத்தாலும் கல் அதே கல்தான்.

[காட்சி: மணலில் தோண்டிய ஊற்று. குறுக்குவெட்டுப் படம்: உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கும் நல்ல தண்ணீர்.]

தங்கும் வீடு நடத்துபவர்களுக்கு இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வீடு கெடுவது பெரும்பாலும் தண்ணீரால்தான். தீவின் மணலுக்குள் மழைத் தண்ணீர், கனமான உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கணக்குப்படி, கடல் மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் 1 அடி நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி வரை இறங்கி நிற்கும். மேலே அரை அடி குறைந்தால் கீழிருந்து உப்பு 20 அடி ஏறப் பார்க்கும். ஐந்து அறை கட்டியவர் ஆழ்துளைக் கிணறு போட்டு, மோட்டாரை நாள் முழுக்க ஓட்டினால், முதல் சீசனிலேயே தண்ணீர் கரிக்கும். பக்கத்து வீட்டுக் கிணறும் சேர்ந்து கெடும், அதில் சண்டை வேறு.

ஆழமில்லாத இரண்டு கிணறு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் அரை மணி நேரம் ஓட்டி, சில மணி நேரம் விடுங்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் வாங்கி, மோட்டார் போடும் முன்னும் நிறுத்திய பின்னும் அளந்து நோட்டில் எழுதுங்கள். குடிக்க, லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை தர அளவு அனுமதிக்கிறது. எண் வாரா வாரம் ஏறினால், சுவை மாறும் வரை காத்திருக்க வேண்டாம், இறைப்பைக் குறையுங்கள். கழிவுக் குழி கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி இருக்கட்டும். மணல் எதையும் தடுத்து நிறுத்தாது. ஷவருக்குப் பதில் வாளியும் குவளையும் வையுங்கள், காரணத்தைச் சொன்னால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

[காட்சி: தனுஷ்கோடி தேவாலயத்தின் சுவர், அருகிலிருந்து.]

1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் அழிந்த தனுஷ்கோடியில், இந்தச் சுவர் பவளக் கல்லும் சுண்ணாம்புமாக நிற்கிறது. உப்புக் காற்று ஒரு பக்கம், மேலே ஏறி நின்று போட்டோ எடுப்பவர்கள் ஒரு பக்கம். வழிகாட்டியாகப் போகிறவர் முதலில் சொல்ல வேண்டியது, ‘ஏறாதீர்கள், கல்லைப் பெயர்க்காதீர்கள்.’ அரிச்சல்முனையில் குளிக்கவும் விடாதீர்கள். இரண்டு கடலும் சேரும் இடத்தில் கரையை ஒட்டியே இழுப்பு பலமாக இருக்கும்.

ஊருக்குள் இருக்கும் பழைய சுண்ணாம்பு வீட்டைத் தங்கும் வீடாக மாற்றினால் சிமென்ட் பூச்சு வேண்டாம். சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியே வர முடியாமல் உப்போடு உள்ளேயே நின்று, கல்லைப் பொருபொருவென்று உதிர்த்துவிடும். நீற்றிய சுண்ணாம்பு 1 பங்கு, கழுவிய ஆற்று மணல் 3 பங்கு. கடுக்காய் ஊறல் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் சேர்ப்பது பழைய கொத்தனார் வழக்கம். பூசிய பிறகு சில நாள் ஈரச் சாக்குப் போட்டு வையுங்கள். கடல் மணல் ஒரு கூடைகூடச் சேர்க்காதீர்கள்.

[காட்சி: ராமலிங்க விலாசம், சுவரோவியங்கள்.]

படகு ஓடாத நாளுக்கும் கையில் ஒரு திட்டம் தயாராக இருக்க வேண்டும். ராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாசத்தில் ஆரம்பிக்கலாம். ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி ஐரோப்பியர்களைச் சந்திப்பதும், தஞ்சை மராட்டியரோடு நடந்த போரும் சுவரில் இருக்கின்றன. பிளாஷ் வேண்டாம், கை படவும் வேண்டாம். அடுத்தது அழகன்குளம். ரோமானியக் காசும் மதுச்சாடி ஓடுகளும் கிடைத்த வைகை முகத்துவாரத் துறைமுகம் அது. ஆனால் அங்கே போய் நின்றால் கண்ணுக்கு மேடுதான் தெரியும். படங்களைப் பெரிதாக அச்சடித்து எடுத்துப் போகாத வழிகாட்டி பத்தே நிமிடத்தில் திணறுவார். சீனப் பீங்கான் கிடைத்த பெரியபட்டினத்துக்கும் இதே விதி.

கீழக்கரை பழைய ஜும்மா பள்ளிவாசலின் கல்தூண்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. கோயில் சிற்பியின் கைவேலை, பூவும் கொடியுமாக, உருவம் ஒன்றுகூட இல்லாமல். நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை நண்பகலைத் தவிருங்கள். மதியச் சாப்பாட்டை அந்த ஊரிலேயே சொல்லி வையுங்கள்.

[காட்சி: மாலை, ஒரு பெண் போனில் தட்டச்சு செய்கிறார்.]

முந்தின நாள் மாலை 6 மணிக்கு வானிலை அறிவிப்பையும் கரையில் இருக்கும் மூத்த மீனவர் ஒருவரின் வாய்ச்சொல்லையும் சேர்த்துக் கேட்டு முடிவெடுங்கள். இரண்டில் ஒன்று வேண்டாம் என்றாலும் படகு இல்லை. விருந்தாளிக்கு அனுப்பும் செய்தி இப்படி இருக்கட்டும்: ‘நாளை காற்று ஏறுகிறது, படகு போகாது. படகுப் பணம் இப்போதே திருப்பி அனுப்பியாச்சு. காலை 8 மணிக்கு வண்டி வாசலில் நிற்கும், அரண்மனையில் ஆரம்பிக்கிறோம்.’