மூளை அலையும் கடிகாரமும்

நேயர்களுக்கு வணக்கம்.

மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் ஆராய்ச்சி மென்பொருள்களில் புதிதாக என்னென்ன வந்திருக்கின்றன என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு புதிய பதிப்பு வெளிவந்தால் முதலில் எல்லோரும் காட்டுவது திரையைத்தான். வண்ண வண்ணமாகச் சுழலும் தலை, ஓடிக்கொண்டே இருக்கும் கோடுகள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வந்தவற்றில் உருப்படியானது எது என்று என்னைக் கேட்டால், கண்ணில் படாத ஒன்றைத்தான் சொல்வேன். ஒவ்வொரு அளவும் எந்தக் கணத்தில் எடுக்கப்பட்டது என்று மென்பொருள் கணக்கு வைத்துக்கொள்கிற விதம்.

ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் மனிதத் தலையிலிருந்து முதன்முதலாக ஈஇஜி எனப்படும் மூளை மின் அலைகளைப் பதிவு செய்தார். 1929-இல் அதை வெளியிட்டார். அந்தப் பதிவுகளில் மூளை அலைக்குக் கீழே இன்னொரு கோடும் ஓடும். நொடிக்குப் பத்து முறை ஏறி இறங்கும் நேரக் கோடு. அலையும் நேரமும் ஒரே தாளில், ஒரே ஓட்டத்தில் பதிவானதால் ஒன்றைவிட்டு ஒன்று விலக வழியே இல்லை.

இன்றைய ஆய்வகத்தில் அந்த ஒரே தாள் கிடையாது. நுண்ணிய மூளை அலையைப் பெரிதாக்கிப் பதிவு செய்யும் ஈஇஜி பெருக்கி ஒரு பெட்டி. படங்களைக் காட்டும் கணினி வேறு. கண் அசைவைப் பின்தொடரும் கேமரா வேறு. ஒவ்வொன்றுக்குள்ளும் தனித்தனிக் கடிகாரம். இரண்டு கடிகாரங்களுக்கு இடையே பத்து லட்சத்தில் 20 பங்கு வேறுபாடு இருப்பது வெகு சாதாரணம். கேட்க அற்பமாகத் தோன்றும். ஒரு மணி நேரத்துக்குக் கணக்குப் போடுங்கள்: 3,600 நொடியில் 72 மில்லிநொடி விலகிவிடும்.

72 மில்லிநொடி போனால் என்ன என்கிறீர்களா? ஒரு முகத்தைப் பார்த்தால் ஏறக்குறைய 170 மில்லிநொடியில் மூளை ஒரு சிறு அலையை எழுப்பும். அதன் உயரம் சில மைக்ரோவோல்ட்தான். பின்னணியில் ஓடும் அலைகளோ பல பத்து மைக்ரோவோல்ட். எனவே அதே முகத்தை நூறு, இருநூறு முறை காட்டி, எல்லாவற்றையும் அடுக்கிச் சராசரி எடுப்பார்கள். நூறு முறை அடுக்கினால் இரைச்சல் பத்தில் ஒரு பங்காகக் குறையும். அலை மேலே தெரியும். ஆனால் அடுக்கும்போது முதல் முகமும் கடைசி முகமும் 72 மில்லிநொடி தள்ளி உட்கார்ந்தால், அந்த அலையின் முகடு கரைந்து ஒரு மழுங்கிய மேடாகிவிடும். ஆராய்ச்சியாளர், "இவருக்கு முகத்துக்கான எதிர்வினை குறைவு" என்று எழுதிவைப்பார். குறை அந்த மனிதரிடம் இல்லை, கடிகாரத்தில்.

லேப் ஸ்ட்ரீமிங் லேயர் என்ற திறந்த மூல மென்பொருள் இதைச் சரிசெய்கிறது. எல்லாக் கருவிகளின் தரவும் வலையமைப்பு வழியே ஓரிடத்துக்கு வரும். மென்பொருள் சில நொடிகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு கணினியிடமும் "இப்போது உன் நேரம் என்ன?" என்று கேட்கும், கேள்வி போய்ப் பதில் வர எடுத்த நேரத்தையும் கணக்கில் கொண்டு, வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளும். இதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. பதிவின்போதே நேரத்தைத் திருத்தி எழுதிவிடாமல், மூல நேரத்தையும் வித்தியாசத்தையும் தனித்தனியாகக் கோப்பில் வைக்கும். திருத்தம் பிறகு, கோப்பைத் திறக்கும்போதுதான். தவறாகத் திருத்தினாலும் மூலம் கையில் இருக்கும்.

கம்பியில்லாத் தலைக்கவசங்கள் வந்த பிறகு இன்னொரு தலைவலி. நொடிக்கு 500 அளவு எடுக்கும் கருவியில் 50 அளவுகள் வழியில் தொலைந்தால் பத்தில் ஒரு நொடி காணாமல் போகிறது. சில பழைய மென்பொருள்கள் இரு முனைகளையும் சத்தமில்லாமல் ஒட்டிவிடும். அதற்குப் பிறகு வருவதெல்லாம் அந்த அளவுக்கு முன்கூட்டியே நடந்ததாகக் காட்டும். இப்போது வருபவற்றில் நல்லவை கருவி அனுப்பும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்துக்கும் வரிசை எண் பார்த்து, விடுபட்ட இடத்தை இடைவெளியாகவே விட்டு, திரையிலும் எச்சரிக்கின்றன. ஓட்டை இருந்தால் ஓட்டையாகத் தெரிய வேண்டும்.

வடிகட்டிகளுக்கும் இதே விதிதான். மின்சாரக் கம்பிகளிலிருந்து வரும் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் இரைச்சலைத் திரையில் வடிகட்டிப் பாருங்கள், தப்பில்லை. வட்டில் எழுதுவது வடிகட்டாத தரவாக இருக்கட்டும். செயற்கை நுண்ணறிவு கொண்டு கண் சிமிட்டலால் பதிவில் கலக்கும் அலையை உடனுக்குடன் நீக்கித் தருகிறோம் என்று வரும் வசதிகளையும் நான் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். நீக்குவதைப் பிரதியில் செய்தால் வரவேற்பேன். மூலத்தில் கை வைத்தால் வேண்டாம்.

மூலத்தை அப்படியே வைக்கத் தாராளமாக இடம் வேண்டும், உண்மைதான். விலங்கு ஆய்வில் பயன்படும் நியூரோபிக்சல்ஸ் என்ற ஊசி மின்முனை 384 சேனல்களில் நொடிக்கு 30,000 அளவு எடுக்கிறது. அளவுக்கு இரண்டு பைட் வைத்தாலும் மணிக்கு 80 கிகாபைட்டைத் தாண்டும். அதனால் தரவு இழக்காத சுருக்க முறைகள் இந்தத் துறையில் இப்போது சூடாகப் பேசப்படுகின்றன.

கடைசியாக ஒன்று. எந்த மென்பொருளும் படம் திரையில் எப்போது உண்மையில் ஒளிர்ந்தது என்பதை அறியாது. கணினி எப்போது கட்டளை கொடுத்தது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும் 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு சட்டகமே ஏறக்குறைய 17 மில்லிநொடி. ஆகவே புதிய பதிப்பை நிறுவியதும் திரையின் மூலையில் ஓர் ஒளி உணரியை ஒட்டுங்கள். அங்கே ஒரு வெள்ளைச் சதுரத்தை ஒரு மணி நேரம் மின்ன விட்டு, பெருக்கியில் பதிவு செய்யுங்கள். கட்டளைக்கும் ஒளிக்கும் இடையே உள்ள தாமதம் முதல் மின்னலில் எவ்வளவு, கடைசி மின்னலில் எவ்வளவு என்று பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால், அந்தத் தாமதத்தைக் கழித்துவிட்டு ஆய்வைத் தொடங்கலாம். ஏறிக்கொண்டே போனால், முந்தைய பதிப்புக்கே திரும்பிவிடுங்கள்.

வணக்கம்.