பிரசவம் பார்த்த வௌவால்

நடுவருக்கும் அவைக்கும் வணக்கம். தான் வாழும் தீவுக்குப் பெருமை சேர்ப்பது இந்தோனேசியாவின் கொமோடோ உடும்பா, இந்தியப் பெருங்கடலின் ரோட்ரிக்ஸ் தீவில் வாழும் ரோட்ரிக்ஸ் வௌவாலா? நான் வௌவால் கட்சி.

எதிரணித் தலைவர் உடும்பு 3 மீட்டர் வளரும் என்றார், சரி. எருமையையே சாய்க்கும் என்றார், அதுவும் சரி. அதோடு உட்கார்ந்திருக்கலாம். "தலைகீழாகத் தொங்கும் பிராணிக்குப் பேச வந்தவரின் வாதமும் தலைகீழாகத்தான் இருக்கும்" என்று சொல்லிக் கைதட்டலை அள்ளிக்கொண்டு போனார். ஐயா, யார் தலைகீழ்?

அமெரிக்காவில், ஃபுளோரிடாவில் ஒரு வளர்ப்பகம். அங்கே ஒரு ரோட்ரிக்ஸ் வௌவாலுக்குப் பிரசவ வலி. மற்ற நேரமெல்லாம் தலைகீழாகத் தொங்கும் இந்த இனம், பிள்ளை பெறும்போது மட்டும் தலை மேலே, கால் கீழே என்று நிமிர வேண்டும். இவளுக்கு அது தெரியவில்லை. தலைகீழாகவே தவிக்கிறாள். தாமஸ் குன்ஸ் என்ற ஆய்வாளர் பார்த்துக்கொண்டிருக்கிறார். அப்போது இன்னொருத்தி வந்தாள். நாத்தனாரா? இல்லை. ஒன்றுவிட்ட சித்தியா? அதுவும் இல்லை. இரத்த உறவே கிடையாது! வந்தவள் எதிரே தொங்கி, "இப்படி நிமிரடி பெண்ணே" என்பதுபோல் தானே நிமிர்ந்து காட்டினாள். வலி இவளுக்கு, நிமிர்வது அவள்! பார்த்துப் பார்த்து இவளும் நிமிர்ந்தாள். வந்தவள் நக்கிக் கொடுத்தாள், சிறகால் அணைத்தாள், குட்டி வந்ததும் தாய்ப்பாலுக்கு வழிகாட்டினாள். கதை இல்லை ஐயா, 1994-இல் ஆய்விதழில் அச்சேறியது. நிமிர வேண்டிய நேரத்தில் நிமிரத் தெரிந்த உயிரையா தலைகீழ் என்கிறீர்கள்?

உங்கள் உடும்பு வீட்டுக்கு வருவோம். குட்டி முட்டையிலிருந்து வெளிவந்ததும் மரத்தில் ஏறி ஒளிகிறது. புலிக்குப் பயந்தா? பெரிய உடும்புகள் தின்றுவிடும் என்று பயந்து! சொந்தக்காரர்கள் ஐயா, சொந்தக்காரர்கள்!

காடழிந்தும் சூறாவளி அடித்தும், 1970-களில் ரோட்ரிக்ஸ் தீவில் இந்த வௌவால்கள் நூறுக்கும் கீழே போயின. மரம் நட்டும் காவல் காத்தும் இன்று ஆயிரக்கணக்கில் பெருகியிருக்கின்றன. ஆபத்து இன்னும் நீங்கவில்லை. உடும்பும் 2021 முதல் அழியும் நிலைப் பட்டியலில்தான் இருக்கிறது. அதையும் காக்கட்டும், யார் வேண்டாம் என்றது?

ஆனால் நடுவர் அவர்களே, நான் பிறந்த இரவில் எங்கள் ஊரில் மருத்துவச்சி இல்லை. எதிர்வீட்டு ஆச்சிதான் ஓடி வந்து, விடியும்வரை என் அம்மாவின் முதுகைத் தாங்கியபடி உட்கார்ந்திருந்தாராம். எங்களுக்கு அவர் உறவும் இல்லை, ஒரே சாதியும் இல்லை. அவர் வந்ததால்தான் இன்று உங்கள் முன்னால் நின்று இத்தனை வாயடிக்கிறேன். வௌவாலுக்கு எதிராகத் தீர்ப்பு எழுதுவதென்றால் தாராளமாக எழுதுங்கள். ஆனால் அந்த ஆச்சியின் வாசலில் நின்று அதைப் படித்துக்காட்ட நீங்களே வர வேண்டும், என்னால் ஆகாது. நன்றி.