பட்டரி கிறிப்: ஒரிஜினலா, தேர்ட் பார்ட்டியா? முதல்ல கரண்ட் போற வழியைப் பாருங்கோ

[திரையில: மேசையில ஒரு கமரா, பக்கத்தில ரெண்டு கிறிப், ஒண்டில கம்பனிப் பேர் இருக்கு, மற்றது மொட்டை]

வணக்கம் எல்லாருக்கும், திருகோணமலையில இருந்து கதைக்கிறன். இண்டைக்குப் பட்டரி கிறிப். கமராவுக்குக் கீழ பூட்டுற சாமான், ரெண்டு பட்டரி போடலாம், கமராவை நிமித்திப் பிடிச்சு எடுக்கேக்க முழங்கையைத் தூக்கிக்கொண்டு நிக்காமல் அதிலயே இன்னொரு ஷட்டர் பட்டன் இருக்கும், தெரியும்தானே. கலியாண வீடு, சாமத்திய வீடு எடுக்கிற பெடியள் எல்லாரும் கேக்கிறது ஒண்டுதான்: அண்ணா, கமராக் கம்பனியின்ட கிறிப்பே வாங்கவா, இல்லாட்டி மெய்க், நீவர் மாதிரி வேற கம்பனி செய்யிற தேர்ட் பார்ட்டி ஒண்டு காணுமா, விலையில மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசமெல்லோ எண்டு.

விலையைப் பிறகு பாப்பம். நான் திருப்பிக் கேக்கிறது வேற கேள்வி. உங்கட கமராவில கிறிப்பைப் பூட்டினாப் பிறகு, பட்டரியில இருந்து கரண்ட் கமராவுக்கு எந்த வழியால போகுது?

[திரையில: பட்டரிக் கதவு கழட்டின கெனன் 80டி, கிட்டப் போய்க் காட்டுறது]

இது கெனன் 80டி. இதின்ட கிறிப் பிஜி-ஈ14, 70டி, 80டி, 90டி மூண்டுக்கும் அதுதான். பூட்டுறதெண்டால் கமராவில இருக்கிற பட்டரியை எடுக்கோணும், பட்டரிக் கதவையும் கழட்டோணும், பிறகு கிறிப்பில நீட்டிக்கொண்டு நிக்கிற இந்தத் துண்டு அப்பிடியே பட்டரிக் குழிக்குள்ள போய் இருக்கும். விளங்குதா, கமராவுக்குள்ள இனிப் பட்டரியே இல்லை, ரெண்டு பட்டரியும் கிறிப்புக்குள்ள, வாற கரண்ட் முழுக்க இந்தத் துண்டின்ட முனையில இருக்கிற சின்னச் சின்னத் தகடுகளால மட்டும்தான் வரும். சோனி ஏ7 வரிசையும் இதே கதைதான், கெனன் ஆர்5, ஆர்6க்குப் போடுற பிஜி-ஆர்10ம் இதே கதைதான்.

[திரையில: நிக்கோன் டி750, அடியில ரப்பர் மூடி]

இப்ப இதைப் பாருங்கோ, நிக்கோன் டி750. அடியில ஒரு ரப்பர் மூடி, அதைக் கழட்டினால் உள்ளுக்குத் தகடுகள் தெரியும், எம்பி-டி16 கிறிப் அதிலதான் போய்த் தொடும். கமராவின்ட பட்டரி இருந்த இடத்திலயே இருக்கும், கிறிப்புக்குள்ள மேலதிகமா ஒண்டு. டி7200, டி500, டி850 எல்லாம் இந்த முறைதான். கிறிப் செத்தாலும் கமரா சாகாது, உள்ளுக்கு இருக்கிற பட்டரியில ஓடும்.

என்ட தீர்ப்பில பெரும் பகுதி இதிலயே முடிஞ்சுது. இந்த மாதிரி நிக்கோன் டிஎஸ்எல்ஆர், அதாவது உள்ளுக்குக் கண்ணாடி இருக்கிற கமரா, வைச்சிருக்கிறீங்கள் எண்டால் நல்ல பேர் எடுத்த தேர்ட் பார்ட்டி கிறிப்பை யோசிக்காமல் வாங்கலாம், மோசம் போனாலும் ஒரு பட்டன்தான் போகும். கெனன், சோனி வைச்சிருந்து, அதில காசுக்கு வேலை செய்யிறீங்கள், கையில இருக்கிறதும் அந்த ஒரு கமராதான் எண்டால் ஒரிஜினலுக்குப் போங்கோ. புதுசு கட்டாது எண்டால் செக்கண்ட் ஹேண்ட் ஒரிஜினல். கெட்டிமேளம் அடிக்கேக்க கமரா ஓஃப் ஆனால் ஐயரிட்டப் போய் தாலியைக் கழட்டி இன்னொருக்காக் கட்டச் சொல்லுங்கோ எண்டு கேக்க ஏலாது பாருங்கோ.

ஏன் ஓஃப் ஆகுது? பேய் பிசாசு ஒண்டும் இல்லை. எல்பி-ஈ6 மாதிரிப் பட்டரியள் 7.2 வோல்ட். பட்டரியை வைச்சுக் கிறிப்புக்குள்ள தள்ளுற தட்டு, அந்த ட்றேயில இருக்கிற ஸ்பிரிங் பலவீனம், தகடு சரியா முட்டேல்லை, இல்லாட்டி தகட்டில அழுக்கு எண்டால் அந்த இடத்தில தடை கூடும், தடை கூடினால் கமரா கூடக் கரண்ட் இழுக்கிற நேரம் வோல்டேஜ் விழும். கண்ணாடி தூக்கேக்க, லென்ஸ் ஃபோகஸ் ஓடேக்க, தொடர்ந்து படபடவெண்டு அடிக்கேக்க எல்லாம் கூட இழுக்கும். அந்த நேரம் விழுந்த வோல்டேஜைப் பாத்துட்டு கமரா பட்டரி முடிஞ்சுது எண்டு நினைச்சுப் படுத்திடும், நீங்கள் பட்டரியைக் கழட்டிச் சார்ஜரில போட்டால் பாதிக்கு மேல இருக்கு எண்டு காட்டும், மண்டை காயும். ஆர்5, ஆர்6ல இன்னொண்டும் இருக்கு, மெக்கானிக்கல் ஷட்டரில செக்கனுக்கு 12 படம் எண்டுற அந்த முழு வேகம் வாறதுக்கு எல்பி-ஈ6என்எச் பட்டரி வேணும், அதில போதியளவு சார்ஜும் இருக்கோணும், இல்லாட்டித் தானா வேகத்தைக் குறைக்கும்.

எங்கட ஊரில இதுக்கு மேல உப்புக்காத்து. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விடிய வெளிக்கிட்டுப் போய் ஜோடிகளை வைச்சுப் போட்டோ எடுக்கிற ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை, வீட்டு ஜன்னல் கம்பியே என்ன பாடு படுது. தகட்டில முலாம் மெல்லிசா இருந்தால் களிம்பு பிடிக்கும், ஸ்பிரிங் கறள் கட்டும். மே தொடங்கி ஒக்டோபர் மட்டும் திமிங்கிலம் பாக்கப் போற போட்டுகளில கமராவோட ஏறுறவை இன்னும் கவனம், அங்க தெறிக்கிறது நேர உப்புத்தண்ணி. பிஜி-ஆர்10க்கு கமராவுக்குச் சமனான ஈர, தூசித் தடுப்பு இருக்கு எண்டு கெனன் சொல்லுது. மலிவான கிறிப்புகளில கமராவும் கிறிப்பும் முட்டுற இடத்தில ரப்பரே இருக்காது, அது வழியா ஈரம் பட்டரிக் குழிக்குள்ள போகும், கமராவுக்கு நீங்கள் கூடக் காசு குடுத்து வாங்கின தடுப்பை நீங்களே திறந்து விட்ட கணக்குத்தான். அதுக்காக ஒரிஜினலைக் கடலுக்குள்ள முக்கலாம் எண்டு நான் சொல்லேல்லை.

[திரையில: ஸ்பிரிட் போத்தல், காதுப் பஞ்சுக் குச்சி]

எதை வாங்கினாலும் கடற்கரைக்குப் போய் வந்தால் கிறிப்பைக் கழட்டி ஐசோபுரொப்பைல் ஸ்பிரிட்டில நனைச்ச பஞ்சுக் குச்சியால தகடுகளைத் துடையுங்கோ, மாசக் கணக்கில பூட்டினபடி அலுமாரியில வைக்காதேங்கோ, பட்டரியையும் எடுத்து வையுங்கோ. சில தேர்ட் பார்ட்டி கிறிப் கமரா ஓஃபா இருக்கேக்கயும் பட்டரியைச் சொட்டுச் சொட்டா உறிஞ்சும், கிழமைக் கடைசியில எடுத்துப் பாத்தால் ரெண்டும் காலி.

சரி, காசு விஷயம். பெடியள் ஒரு பிழையான கணக்குப் போடுறவை. கிறிப்பில மிச்சம் பிடிச்ச காசுக்கு, பிளட்ஃபோமில எங்கயோ கிடைச்ச, பேரே வாசிக்கத் தெரியாத ரெண்டு பட்டரியை வாங்கிக் கிறிப்புக்குள்ள போடுவினம். எனக்கு கிறிப்பை விடப் பட்டரியிலதான் பயம் கூட. கிறிப் பழுதானால் படம் போகும், பட்டரி வீங்கினால் ட்றேயோட இறுகி வெளிய எடுக்கேலாமல் போகும், அதுக்கு மேல லித்தியம் சூடாகினால் என்ன நடக்கும் எண்டு தெரியும்தானே. பட்டரி எவ்வளவு கொள்ளும் எண்டதை எம்ஏஎச்சில சொல்லுறது, கெனனின்ட எல்பி-ஈ6என்எச் 2130 எம்ஏஎச், சோனியின்ட என்பி-எஃப்இசட்100 2280. அதே அளவுக் கூட்டுக்குள்ள 3000 எண்டு ஸ்டிக்கர் ஒட்டி அரை விலைக்கு வித்தால் நம்பாதேங்கோ. தேர்ட் பார்ட்டி பட்டரி எண்டாலும் தன்ட பேரைப் போட்டு விக்கிறவன் பரவாயில்லை, கெனன் எண்டு பொய்யாப் பேர் போட்டு விக்கிற டூப்ளிகேட்தான் மோசம், கிறிப்பிலயும் அப்பிடித்தான்.

வெளிநாட்டில இருந்து எடுப்பிக்கிற ஆக்களுக்கு ஒரு விஷயம். 2016 ஏப்ரல் 1ல இருந்து லித்தியம் அயன் பட்டரியைத் தனியாப் பயணிகள் விமானத்தில சரக்கா ஏத்த ஏலாது. அதாலதான் ஒன்லைனில கிறிப் சுகமா வந்து சேருது, பட்டரி எண்டால் அனுப்ப மாட்டம் எண்டு சொல்லுறாங்கள். வெளிநாட்டில இருந்து வாற மாமா, சித்தப்பாமாரிட்டச் சொல்லி விடுறதெண்டால் பட்டரியைக் கைப்பையில கொண்டு வரச் சொல்லுங்கோ, சூட்கேசில போட்டு ஏத்தக் கூடாது.

கிறிப்புக்குள்ள ஒரு புதுப் பட்டரியும் ஒரு கிழட்டுப் பட்டரியும் கலந்து போடுறதையும் விடுங்கோ. கெனன் கிறிப்பில வோல்டேஜ் கூட இருக்கிற பட்டரியில இருந்து முதல் எடுக்கும், ரெண்டும் சமனானால் ரெண்டிலயும் எடுக்கும், அதால ஒரே நேரம் வாங்கின சோடியை ஒரே சோடியாவே பாவிச்சால் எவ்வளவு மிச்சம் எண்டு கணக்குத் தெரியும். நான் சொன்ன நிக்கோன் டிஎஸ்எல்ஆர்களில எது முதல் எண்டு மெனுவிலயே தெரிவு செய்யலாம், கிறிப்பில உள்ளதை முதல் ஓட விடுங்கோ, அதைக் கழட்டாமலே மாத்தலாம்.

உங்களுக்கு உண்மையா ரெண்டு பட்டரி வேணுமா எண்டதும் இருக்கு. ஜப்பான் கமராக் கம்பனிகளின்ட சங்கம் சீபா, அதின்ட அளவுப்படி 80டி வியூஃபைண்டரில பாத்து எடுத்தால் ஒரு சார்ஜுக்கு 960 படம், டி750 எண்டால் 1230. கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கமராவுக்கு வந்தால் சோனியின்ட ஏ7 3 மொடலில வியூஃபைண்டரில பாத்து எடுத்தால் 610தான், அதுவே அந்த வகையில நல்ல எண்ணிக்கை. சும்மா பிறந்தநாள் வீடு, கோயில் திருவிழா எண்டு எடுக்கிற ஆள் பொக்கெட்டில ஒரு ஒரிஜினல் பட்டரி வைச்சிருந்தால் காணும், கிறிப்புக்குக் காசு செலவழிக்கத் தேவையே இல்லை. கோணேசர் கோயிலுக்கு ஏறிப் போற அந்த ஏத்தத்தில கிறிப்பும் ரெண்டு பட்டரியும் பெரிய லென்ஸும் கழுத்தில தொங்கப் போய் வந்தால் அடுத்த நாள் நீங்களே கழட்டி வைப்பீங்கள். ஆனால் ஒரு நாள் முழுக்க நிமித்திப் பிடிச்சு ஆள் படம் எடுக்கிறவருக்கு, பெரிய கை உள்ளவருக்கு, கிறிப் பெரிய சுகம், அது பட்டரிக் கதை இல்லை, மணிக்கட்டுக் கதை.

[திரையில: டி850, பிறகு இசட்6]

ஒரிஜினல் எண்டால் எல்லாத்திலயும் மேல எண்டும் இல்லை. டி850க்கு எம்பி-டி18 போட்டு, அதுக்குள்ள ஈஎன்-ஈஎல்18 வகைப் பெரிய பட்டரி போட்டால் செக்கனுக்கு 7 படம் 9 ஆகும், அது உண்மையான லாபம், ஆனால் அந்தப் பட்டரி, அதுக்கு ஒரு மூடி, அதுக்கு ஒரு சார்ஜர் எண்டு செலவு எங்கயோ போகும். மற்றப் பக்கம், முதல் வந்த இசட்6, இசட்7க்கு நிக்கோனே விட்ட எம்பி-என்10ல ஷட்டர் பட்டனே கிடையாது, வெறும் பட்டரிப் பெட்டி! அந்த விலைக்கு அது எனக்குச் சரி வராது. அடுத்த மொடல் இசட்6 2க்கு வந்த எம்பி-என்11லதான் பட்டன் குடுத்தவை. டி5600 மாதிரிச் சின்ன நிக்கோன்களுக்கு ஒரிஜினல் கிறிப் வரவே இல்லை, தேர்ட் பார்ட்டிதான், அதிலயும் பட்டன் வேலை செய்ய பக்கத்தால ஒரு வயர் எடுத்துக் குத்தோணும், பாக்க வடிவில்லை, வேலை செய்யும்.

ட்ரைபொட் பாவிக்கிறவை ஆட்டத்தைப் பாருங்கோ. கிறிப் முழுக்க ஒரே ஒரு திருகாணியிலதான் நிக்குது, அதை இறுக்கிற சில்லை எவ்வளவு சுத்தினாலும் பிளாஸ்டிக் கூடு எண்டால் கொஞ்சம் வளையும். 70-200 மாதிரிப் பெரிய லென்ஸுக்கு ட்ரைபொட்டில பூட்ட அதிலயே ஒரு வளையம் இருக்கு, ட்ரைபொட்டில லென்ஸைத்தான் பூட்டுறது, அதால பிரச்சினை இல்லை. அகல லென்ஸ் போட்டு இரவில கடற்கரையில 20 செக்கன் ஷட்டர் திறந்து வைச்சு நட்சத்திரம் எடுக்கிறதெண்டால் கிறிப்பைக் கழட்டிப்போட்டு எடுங்கோ, ஒரிஜினலா இருந்தாலும்.

[திரையில: கிறிப்பைப் பூட்டி ஒவ்வொண்டாச் செய்து காட்டுறது]

கடையில வாங்கேக்க சும்மா பூட்டிப் பாத்துட்டு வராதேங்கோ. பூட்டி இறுக்கி, கமராவை ஒரு கையிலயும் கிறிப்பை மறு கையிலயும் பிடிச்சு முறுக்கிப் பாருங்கோ, இடைவெளி தெரியக் கூடாது. ஒரு பட்டரியை மட்டும் இடப்பக்கம் போட்டு ஓன் பண்ணுங்கோ, பிறகு அதையே வலப்பக்கம், ரெண்டிலயும் ஓன் ஆகோணும், பிறகு ரெண்டையும் போட்டு மெனுவில பட்டரி விபரத்தில ரெண்டும் தனித்தனியாத் தெரியுதா எண்டு பாருங்கோ. ஷட்டரை அரைவாசி அமத்தினால் ஃபோகஸ் மட்டும் ஓடோணும், சில மலிவுகளில அரைவாசி முழுவாசி வித்தியாசமே தெரியாமல் படம் விழுந்திடும், உச்சி வெயிலில வேர்த்த விரலோட அது சரியான தலையிடி. கடைசியாத் தொடர்ந்து அடிச்சுக்கொண்டே கிறிப்பைத் தட்டிக் குலுக்குங்கோ, ஓஃப் ஆனால் கடைக்காரரிட்டத் திருப்பிக் குடுத்திட்டு வாங்கோ.

வொரண்டியும் கேக்கிறவை. தேர்ட் பார்ட்டி பூட்டினவுடன வொரண்டி முழுக்கப் போயிடும் எண்டு சும்மா பயப்படுத்துவினம், ஆனால் வேற கம்பனிச் சாமானால வந்த சேதத்துக்குப் பொறுப்பில்லை எண்டு கெனன் புத்தகத்திலயே எழுதியிருக்கு, அதுவரைக்கும்தான்.

செக்கண்ட் ஹேண்ட் ஒரிஜினல் தேடுறவை மொடல் நம்பரை நல்லாப் பாருங்கோ. 5டி மார்க் 3க்கு பிஜி-ஈ11, மார்க் 4க்கு பிஜி-ஈ20, ஒண்டுக்கு ஒண்டு சரி வராது. ஏ7 3ன்ட விஜி-சி3ஈஎம் ஏ7 4க்குப் பூட்டாது, அதுக்கு சி4ஈஎம். தகட்டில பச்சை நிறம் தெரியுதா, அடியில ட்ரைபொட் ஓட்டையின்ட புரி தேய்ஞ்சிருக்கா, பூட்டுற சில்லு வழுக்காமல் சுத்துதா, கழட்டின பட்டரிக் கதவு வைக்கிற குழி உடையாமல் இருக்கா எண்டு பாத்தால் காணும். ட்றே இல்லாமல் வாற கிறிப்பை எவ்வளவு மலிவெண்டாலும் எடுக்காதேங்கோ, பிறகு அந்த ட்றேயை மட்டும் தேடி எடுக்கிறது பெரிய பாடு.